லினக்ஸ் போட்ட கணினியில் விலைக்கு வாங்கிய மென்பொருள்: ஓசூர் பட்டறை ஒன்றின் கேள்வி

கேள்வி: ஓசூர் சிப்காட்டை ஒட்டி ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். இரண்டு வி.எம்.சி., மூன்று சி.என்.சி. லேத் ஓடுகின்றன. பாதி வேலை அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கத்து கம்பெனிகளிலிருந்து வருகிறது. அலுவலகத்தில் உள்ள ஐந்து கணினிகளிலும் விண்டோஸ் 10 தான். இவற்றில் விண்டோஸ் 11 ஏறாது, புதுசு வாங்குங்கள் என்று சர்வீஸ் செய்பவர் சொல்லிவிட்டார். பர்கூரில் பொறியியல் முடித்துவிட்டு என்னோடு வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஒரு கணினியில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் எங்களுக்குக் கணக்குக்கு டேலி வேண்டும், டிராயிங்குக்கு கேட் வேண்டும், மெஷின் புரோகிராமுக்கு கேம் வேண்டும். "லினக்ஸைப் போட்டுவிட்டு அதன் மேல் கம்பெனிக்காரன் பூட்டிவைத்த மென்பொருளை ஏற்றுவது துரோகம், அதற்கு விண்டோஸிலேயே இருந்துவிடலாம்" என்று அவனுடைய நண்பர்கள் சொல்கிறார்கள். இலவச சிஸ்டத்தில் விலைக்கு வாங்கிய சாஃப்ட்வேரைப் போட்டால் லைசென்ஸ் பிரச்சினை வருமோ என்று ஆடிட்டர் பயப்படுகிறார். பெங்களூர் கம்பெனியின் பர்ச்சேஸ்காரரோ, நாங்கள் அனுப்பும் ஃபைல் உங்களிடம் அப்படியே திறந்தால் போதும் என்கிறார். நான் மாறலாமா? யார் சொல்வதைக் கேட்பது?

— ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஆடிட்டரின் பயத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்கு மட்டும்தான் நேரான விடை இருக்கிறது. லினக்ஸ் மேல் விலைக்கு வாங்கிய மென்பொருளை ஓட்டுவதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை.

லினக்ஸின் கருவான கெர்னல், ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் வெளியாகிறது. கெர்னலைத் திருத்தியோ திருத்தாமலோ வெளியாருக்குக் கொடுப்பவருக்குத்தான் அந்த உரிமம் நிபந்தனை போடுகிறது. அதன் மூலநிரலையும் அவர் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். கெர்னலின் மேல் ஓடும் சாதாரண மென்பொருளை அது தொடுவதில்லை. இந்தச் சந்தேகம் எழும் என்று தெரிந்தே, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உரிமத்தோடு ஒரு குறிப்பையும் சேர்த்து வைத்தார். கெர்னலின் சேவைகளை வழக்கமான முறையில் அழைத்துப் பயன்படுத்தும் நிரல்களுக்கு இந்த உரிமம் பொருந்தாது என்பது அதன் சாரம். உங்கள் வி.எம்.சி. மேல் வாடிக்கையாளர் கொடுத்த ஃபிக்ஸ்சரை ஏற்றி ஓட்டுகிறீர்கள். ஃபிக்ஸ்சர் அவருடையது என்பதால் இயந்திரம் அவருடையதாகிவிடாது. இயந்திரம் உங்களுடையது என்பதால் ஃபிக்ஸ்சரின் டிராயிங் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. இங்கேயும் அவ்வளவுதான்.

இது புதிய வழக்கமும் இல்லை. ஆரக்கிள் தன் டேட்டாபேஸை 1998-லேயே லினக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டது. மேட்லேப், ஆன்சிஸ் போன்ற விலை மிகுந்த பொறியியல் மென்பொருள்கள் லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்புகளாக விற்கப்படுகின்றன. உங்களைப் போன்றவர்களின் ஷாப் ஃப்ளோரிலேயே இதற்கு உதாரணம் உண்டு. சீமென்ஸின் சைனுமெரிக் 840டி எஸ்.எல். கன்ட்ரோலரின் உள்ளே ஓடுவது லினக்ஸ். ஹைடன்ஹைனின் டி.என்.சி. 640 கன்ட்ரோலில் உள்ள ஹெராஸ் என்ற இயங்குதளமும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதுதான். இரண்டிலும் அடித்தளம் திறந்த மூலம், அதன் மேல் உள்ள என்.சி. மென்பொருள் அந்தந்த நிறுவனத்தின் பூட்டிய சொத்து. ஓசூரில் அப்படிப்பட்ட கன்ட்ரோலர் உள்ள இயந்திரத்தை ஓட்டுகிற ஆபரேட்டர், ஷிப்ட் முழுக்க லினக்ஸ் மேல் வணிக மென்பொருளைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

கவனிக்க வேண்டிய இடங்கள் இரண்டு உண்டு. உங்கள் அண்ணன் மகன் கேட்-பாஸுக்கோ ஜாப் கார்டுக்கோ ஒரு சின்ன நிரல் எழுதி, அதில் ஜி.பி.எல். நிரல் எதையாவது கலந்திருந்தால், உங்கள் பட்டறைக்குள் ஓட்டும்வரை யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பக்கத்துப் பட்டறைக்கு விற்கும் நாளில் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, நீங்கள் விலைக்கு வாங்கும் மென்பொருளின் உரிமம். சில நிறுவனங்கள், மெய்நிகர் இயந்திரத்தில், அதாவது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியாக ஓடும் அமைப்பில், தங்கள் மென்பொருளை ஓட்டக் கூடாது என்று எழுதி வைக்கின்றன. இது லினக்ஸ் போட்ட தடை இல்லை, விற்பவர் போட்ட தடை. வாங்கும் முன் அந்தப் பத்தியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஆடிட்டர் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சிறு பட்டறைகளில் கிராக் செய்த கேட், கேம் மென்பொருள் ஓடுவது ஊரறிந்த சங்கதி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு கணினி நிரலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழில் நடத்தி லாபம் பார்க்கிற இடத்தில் "சொந்த உபயோகம்" என்ற வாதம் நிற்காது. லினக்ஸை நான் சிறு தொழில்களுக்குச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான். ஐந்து கணினிக்கு இயங்குதளத்துக்கும் ஆபீஸ் தொகுப்புக்கும் ஆகும் பணம் மிச்சமானால், அதை ஒரே ஒரு கேம் உரிமத்தை நேர்மையாக வாங்கப் போடலாம். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க முடியாமல் எல்லாவற்றையும் திருடுவதைவிட, தேவையானதை மட்டும் காசு கொடுத்து வாங்குவது கௌரவமான வழி.

இனி, உங்கள் அண்ணன் மகனின் நண்பர்கள். துரோகம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. ஆனால் அவர்களுடைய பயத்துக்கு வரலாற்றில் ஆதாரம் உண்டு. அதை அந்தத் தம்பியும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2002-ல் லினக்ஸ் கெர்னலையே எழுதுகிறவர்கள், தங்கள் மூலநிரலை நிர்வகிக்க பிட்கீப்பர் என்ற பூட்டிய மென்பொருளைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். லாரி மெக்வாய் என்பவரின் நிறுவனம் அதை அவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது, ஆனால் நிபந்தனைகளோடு. கருவி நன்றாக இருக்கிறது, வேலை நடக்கிறது, எனக்கு அது போதும் என்றார் டோர்வால்ட்ஸ். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனும் வேறு பலரும் கடுமையாக எதிர்த்தார்கள். மூன்று ஆண்டு ஓடியது. 2005-ல் சாம்பா திட்டத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜல், பிட்கீப்பரில் அடைபட்ட தகவலைத் தனியாக எடுத்துப் படிக்க ஒரு நிரல் எழுதினார். நிறுவனம் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டது. உலகின் பெரிய திறந்த மூலத் திட்டம் கருவி இல்லாமல் நின்றது. அந்த ஏப்ரலில்தான் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து கிட் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார். இன்று மென்பொருள் எழுதும் உலகத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் நடக்கிறது.

இந்தக் கதையைப் பலர் கிட்டின் வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. கெர்னல்காரர்கள் தப்பித்ததற்குக் காரணம், அவர்களுடைய மூலநிரல் அவர்கள் கையிலேயே இருந்தது. கருவி போனது, சரக்கு போகவில்லை. கருவிக்குள் தங்கிய வரலாற்றுத் தகவலை வெளியே எடுப்பதுதான் சண்டையாக இருந்தது. கருவியோடு சரக்கும் போய்விடுகிற நிலையில் அவர்கள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் பட்டறையின் நிலை இன்று அப்படித்தான் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

ஸ்டால்மனே இதில் நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கறார் இல்லை. 2012-ல் வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விளையாட்டுகளை லினக்ஸுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தபோது அவர் நன்மை தீமை இரண்டையும் எழுதினார். பூட்டிய மென்பொருள் தவறு என்ற நிலையில் அவர் மாறவில்லை. ஆனாலும் அதனால் ஒருவர் விண்டோஸை விட்டு வந்தால் அது நன்மை என்றும், ஏற்கெனவே லினக்ஸில் இருப்பவர்களுக்குப் பூட்டு பழகிப்போகும், அது தீமை என்றும் எடை போட்டார். தம்பியின் நண்பர்கள் இந்த இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே இந்த அரசியல் நடந்திருக்கிறது. 2006-07 காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., எல்காட் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றினார். அரசு வாங்கும் கணினிகளிலும் அதையே போட வைக்க முயன்றார். விண்டோஸ் இல்லாமல் ஒரு அரசு நிறுவனம் நடக்கும் என்று இந்தியாவில் துணிந்து காட்டியவர்களில் அவர் முன்வரிசை. அதே சமயம், சூசே அன்று நோவெல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வணிகப் பொருள். 2006 நவம்பரில் அந்த நோவெல் மைக்ரோசாஃப்ட்டோடு ஒப்பந்தம் போட்டது. ஒருவர் வாடிக்கையாளர் மேல் மற்றவர் காப்புரிமை வழக்குப் போடமாட்டோம் என்ற ஏற்பாடும் அதில் இருந்தது. கட்டற்ற மென்பொருள் உலகம் கொதித்தது. அப்படிப்பட்ட ஏற்பாடுகளைத் தடுக்கும் விதியோடுதான் 2007 ஜூனில் ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு வந்தது. லினக்ஸ் என்று எழுதியிருந்தாலே அதற்குப் பின்னால் கம்பெனி அரசியல் இல்லை என்று எண்ணிவிட முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பிறகு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம். அந்தக் கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அருகருகே வந்தன. தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது. ஆனால் வேரூன்றவில்லை. நான் கருதும் காரணம் எளியது. பாலிடெக்னிக்கில் சொல்லித்தருவது ஆட்டோகேட், வேலைக்குப் போனால் கேட்பது டேலி. இரண்டும் விண்டோஸில்தான் திறக்கும் என்றால் பிள்ளை எதைத் திறப்பான்? கேரளத்தில் பாடநூல், ஆசிரியர் பயிற்சி, தேர்வு எல்லாவற்றையும் கட்டற்ற மென்பொருளின் மேல் வைத்தார்கள், அங்கே அது நின்றது. வேலைக்கு வேண்டிய மென்பொருள் இல்லாத இயங்குதளத்தைத் தொழில் நடத்துகிறவன் இலவசமாகக் கொடுத்தாலும் வைத்துக்கொள்ள மாட்டான். அதனால்தான் வணிக மென்பொருள்கள் லினக்ஸுக்கு வருவதை நான் வரவேற்கிறேன். அவை வராதவரை உங்களைப் போன்றவர்களால் வெளியே காலெடுத்து வைக்கவே முடியாது.

பூட்டு எவ்வளவு ஆழமானது என்பதை 2025 ஜூலை எல்லோருக்கும் காட்டியது. குஜராத் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி மேல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது, ரஷ்யாவின் ராஸ்னெஃப்ட்டுக்கு அதில் பங்கு இருக்கிறது என்பதால். இந்தியச் சட்டத்தில் அந்தத் தடைக்கு இடமில்லை. ஆனாலும் மைக்ரோசாஃப்ட், நயாராவின் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளை நிறுத்தியது. கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சில நாட்களில் சேவை திரும்பியது. நயாராவுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. உங்கள் பட்டறை மேல் எந்த நாடும் தடை போடப் போவதில்லை. ஆனால் சந்தா கட்டத் தவறிய மாதம், உரிமச் சேவையகம் பதில் சொல்லாத நாள், பழைய பதிப்பை நிறுத்திவிட்டோம் என்று ஒரு மின்னஞ்சல், இவற்றில் ஏதோ ஒன்று உங்களுக்கும் வரும்.

திறந்த மூலப் பக்கத்திலும் இந்த அனுபவம் இல்லாமல் இல்லை. ரெட் ஹேட் நிறுவனம் தன் வணிக லினக்ஸின் மூலநிரலைப் பொதுவில் வைப்பதை 2023 ஜூனில் சுருக்கிக்கொண்டது. அதன் இலவச இரட்டையாக இருந்த சென்ட் ஓ.எஸ். 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. பெரிய பொறியியல் மென்பொருள்கள் ரெட் ஹேட், சூசே, உபுண்டு போன்ற குறிப்பிட்ட சில லினக்ஸ்களின் மேல் மட்டுமே உத்தரவாதம் தருகின்றன. ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரெட் ஹேட் கதவைச் சாத்தியபோது ஆல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று போக இடம் இருந்தது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் கதவைச் சாத்தியபோது உங்களுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. கணினி வேலை செய்துகொண்டே இருக்கிறது, ஆனால் டி.பி.எம். 2.0 இல்லை, பிராசஸர் பழசு என்று அதை வீசச் சொல்கிறார்கள். காசு கட்டி நீட்டிக்கலாம். நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு.

ஆகவே என் பதில்: மாறுங்கள், ஆனால் ஐந்து கணினியையும் அல்ல. விலைக்கு வாங்க வேண்டிய மென்பொருளை வெட்கப்படாமல் வாங்குங்கள். ஒவ்வொன்றையும் வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளை இந்தக் கம்பெனி என்னைக் கைவிட்டால் என் கோப்புகளோடு நான் வெளியேற முடியுமா? முடியும் என்றால் அது பூட்டிய மென்பொருளாக இருந்தாலும் பரவாயில்லை. முடியாது என்றால் அது இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

பட்டறைக்குள் இதைப் பொருத்திப் பார்ப்போம். அலுவலக வேலை சுலபம். ஜி.எஸ்.டி. தளம், இ-வே பில், இ-இன்வாய்ஸ் எல்லாம் பிரௌசரில் நடக்கின்றன. உங்களுக்கு இ-வே பில் அதிகம் இருக்கும். கர்நாடகத்து கம்பெனி தமிழ்நாட்டு ஜாப் ஒர்க்கருக்குச் சரக்கு அனுப்பினால் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் கட்டாயம். ஜூஜூவாடி தாண்டும் ஒரு கூடை ஃபோர்ஜிங்குக்கும் அது வேண்டும். இதெல்லாம் லினக்ஸில் தடையில்லாமல் போடலாம். நீங்கள் புரொப்ரைட்டர் என்றால் ரிட்டர்னை ஓ.டி.பி. வழியாகவே சமர்ப்பிக்கலாம். பிரைவேட் லிமிடெட் என்றால் டி.எஸ்.சி. என்ற டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வேண்டும். அதில் கவனம் தேவை. இ-பாஸ் 2003 போன்ற டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. ஆனால் டோக்கன், பிரௌசர், கையொப்ப மென்பொருள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மாத ரிட்டர்னை முழுக்கப் போட்டுப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

இங்கே அரசின் மேல் எனக்குக் கோபம் உண்டு. திறந்த மூலத்துக்கு முன்னுரிமை என்று 2015-ல் மத்திய அரசே கொள்கை வெளியிட்டது. அதே அரசின் ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் டூல் விண்டோஸுக்கென்றே வந்தது. கம்பெனி விவகாரத் துறைக்கான படிவங்கள் பல ஆண்டு அடோபி ரீடர் இல்லாமல் திறக்காத பி.டி.எஃப்.களாக இருந்தன. அடோபியோ லினக்ஸுக்கான ரீடரையே கைவிட்டிருந்தது. இப்போது அந்தப் படிவங்கள் இணையத்துக்கு மாறிவிட்டன என்பது ஆறுதல். வரி கட்டுவது சட்டக் கடமை. அந்தக் கடமையைச் செய்ய ஒரு தனியார் கம்பெனியின் இயங்குதளத்தை நான் வாங்கியாக வேண்டும் என்ற நிலையை எந்த அரசும் உண்டாக்கக் கூடாது.

டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வைன் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு டேலி நிறுவனத்தின் உத்தரவாதம் கிடையாது. கணக்குப் புத்தகத்தை உத்தரவாதம் இல்லாத இடத்தில் வைக்கச் சொல்ல மாட்டேன். ஒரு கணினியை விண்டோஸ் 11 உள்ளதாக வாங்கி டேலியை அதில் வையுங்கள். இல்லையென்றால் கிளவுடில் வாடகைக்கு எடுத்து, லினக்ஸ் கணினியிலிருந்து அதை எட்டுங்கள். எப்படியானாலும் மாதா மாதம் வவுச்சர்களையும் லெட்ஜர்களையும் எக்ஸ்.எம்.எல்.லாக ஏற்றுமதி செய்து தனியே வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வழி அதுதான். முழுதாக மாற விருப்பம் வந்தால், திறந்த மூலத்தில் இ.ஆர்.பி. நெக்ஸ்ட் இருக்கிறது, மும்பை ஃபிராப்பே நிறுவனத்துடையது, ஜி.எஸ்.டி.க்கான துணைச் செயலியும் உண்டு. ஆனால் அதை ஏற்பாடு செய்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். தம்பி இருக்கிறான் என்ற ஒரே நம்பிக்கையில் அதில் இறங்காதீர்கள். அவன் நாளை பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போகலாம், போகட்டும், அது அவன் உரிமை.

கேட் வேலையில் 2டி டிராயிங் பார்ப்பதும் திருத்துவதும்தான் உங்களுக்கு அதிகம் என்றால், பிரிக்ஸ்கேட் லினக்ஸுக்கு நேரடிப் பதிப்பே விற்கிறது, டி.டபிள்யூ.ஜி. கோப்புகளைத் திறக்கும். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான உதாரணம் அது. திறந்த மூல இயங்குதளத்தில் நேர்மையாக விலைக்கு வாங்கிய மென்பொருள். ஃபிரீகேட் 2024 நவம்பரில் 1.0 பதிப்பைத் தொட்டது. ஃபிக்ஸ்சர், கேஜ் வடிவமைப்புக்கு இன்று அது போதும் என்பேன். கேம்தான் கடினம். மாஸ்டர்கேம் போன்றவை விண்டோஸில் மட்டும்தான். ஃபிரீகேட்டுக்குள் கேம் பகுதி இருக்கிறது, 2.5 அச்சு வேலைக்குப் பயன்படுத்திப் பழகலாம். ஆனால் டெலிவரி தேதி தலைக்கு மேல் நிற்கும் பட்டறை, கேமை விண்டோஸிலேயே வைத்துக்கொள்வதில் தவறில்லை. வெளியே வருகிற ஜி-கோட் வெறும் எழுத்துக் கோப்பு, அது எங்கும் திறக்கும். அதை இயந்திரத்துக்கு அனுப்புகிற டி.என்.சி. வேலையை, ஆர்.எஸ்.-232 கேபிளானாலும் நெட்வொர்க்கானாலும், பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டுச் செய்யலாம். யு.எஸ்.பி.-சீரியல் மாற்றிகளுக்கான டிரைவர்கள் பெரும்பாலும் லினக்ஸோடே வந்துவிடுகின்றன.

பி.எல்.சி. புரோகிராமிங் மென்பொருளும் சி.எம்.எம். மென்பொருளும் விண்டோஸ்தான். அந்தக் கணினிகளைத் தொடாதீர்கள், இணைய இணைப்பை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்போது பெங்களூர் வாடிக்கையாளர். உண்மையான அதிகாரம் அவர் கையில்தான் இருக்கிறது. ஓசூரின் சிறு பட்டறை எந்த மென்பொருளை வாங்க வேண்டும் என்பதை மைக்ரோசாஃப்ட்டைவிட, ஆட்டோடெஸ்க்கைவிட, ஃபைல் அனுப்புகிற கம்பெனிதான் தீர்மானிக்கிறது. அவர் ஒரு குறிப்பிட்ட கேட் மென்பொருளின் சொந்தக் கோப்பில் மாடலை அனுப்பினால், அந்த மென்பொருளை வாங்கும் செலவு சத்தமில்லாமல் உங்கள் தலையில் ஏறுகிறது. ஜாப் ஒர்க் ரேட்டில் அது சேருவதில்லை. டி.டபிள்யூ.ஜி. கோப்பின் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிட்டதில்லை. அதைப் பிரித்துப் படித்துப் பிற மென்பொருள்களும் திறக்கும்படி செய்த ஓப்பன் டிசைன் அலையன்ஸ் மேல் 2006-ல் ஆட்டோடெஸ்க் வழக்கே போட்டது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. நம் நாட்டில் ஒரு மென்பொருளோடு இன்னொன்றை ஒத்துப்போக வைக்க வேண்டிய தகவலை எடுப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவே இடம் தருகிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

பர்ச்சேஸ்காரரிடம் கேட்க வேண்டியது பெரிதொன்றும் இல்லை. 3டி மாடலை ஸ்டெப் வடிவத்திலும், டிராயிங்கை பி.டி.எஃப்., டி.எக்ஸ்.எஃப். வடிவங்களிலும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டெப் என்பது ஐ.எஸ்.ஓ. 10303 தரம், பெரும்பாலான 3டி கேட் மென்பொருள்களிலிருந்தும் ஏற்றுமதி செய்யக்கூடியது. அவர் பக்கம் இரண்டு கிளிக் வேலை. ரிவிஷன் எண் மாறும்போது பழைய ஸ்டெப் கோப்பு தங்கிவிடக் கூடாது என்பதை மட்டும் இரு பக்கமும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தவறான ரிவிஷனில் ஒரு லாட் ரிஜெக்ட் ஆனால் மென்பொருள் அரசியல் எல்லாம் மறந்துபோகும்.

நீங்கள் ஒருவர் கேட்டால் அவர் காதில் விழாமல் போகலாம். ஹோஸ்டியா, அதாவது ஓசூர் சிறு குறு தொழில்கள் சங்கத்தின் வழியாகக் கேட்டால் விழும். பெரிய கம்பெனிகளின் சப்ளையர் கூட்டங்களில் இதை ஒரு பொருளாக வைக்கச் சொல்லுங்கள். பொது வடிவத்தில் கோப்பு அனுப்புவது, சிறு பட்டறைகள் சேர்ந்து ஒரே பேரத்தில் கேம் உரிமம் வாங்குவது, லினக்ஸ் தெரிந்த சர்வீஸ் ஆட்களை ஐ.டி.ஐ.களில் பயிற்றுவிப்பது எல்லாம் தனி ஆளால் ஆகாத, சங்கத்தால் ஆகிற காரியங்கள். மைக்ரோசாஃப்ட்டின் ஆவண வடிவத்தை ஐ.எஸ்.ஓ. தரமாக்கும் வாக்கெடுப்பு 2007-08-ல் நடந்தபோது இந்தியா "வேண்டாம்" என்று வாக்களித்தது. அந்த வடிவம் பிறகு தரமாகிவிட்டது என்பது வேறு. அவ்வளவு பெரிய மேசையிலேயே நம் நாடு மறுத்துச் சொல்லியிருக்கும்போது, நம் ஊர்ச் சங்கம் ஒரு பர்ச்சேஸ் துறையிடம் ஸ்டெப் கோப்பு கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

தம்பிக்குத் தனியாக ஒன்று சொல்லுங்கள். அவன் நண்பர்களோடு சண்டை போட வேண்டாம், அவர்கள் விழிப்போடு இருப்பதால்தான் நமக்கெல்லாம் போக்கிடம் இருக்கிறது. அவர்களையே பட்டறைக்கு வரச் சொல்லி, ஃபிரீகேட்டின் கேம் பகுதியில் உங்கள் வி.எம்.சி.க்குப் பொருந்தும் போஸ்ட் பிராசஸர் ஒன்றை எழுதித் தரச் சொல்லட்டும். அதைப் பொதுவில் வெளியிட்டால் ராணிப்பேட்டையிலும் கோவையிலும் உள்ள பட்டறைக்காரர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

வேலை வரிசை இது. முதலில் எல்லாக் கணினிகளையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழுதாக நகலெடுங்கள். கிராக் மென்பொருள் ஏதாவது இருந்தால் அன்றே நீக்குங்கள். டெஸ்பாட்ச், ஸ்டோர்ஸ் கணினிகளை முதலில் மாற்றுங்கள், இரண்டு மாதம் பொறுங்கள். பிறகு டி.என்.சி. கணினி, அதன் பிறகு டிராயிங் பார்க்கும் கணினி. கேம் உள்ளதைக் கடைசி வரை தொட வேண்டாம். டேலியை இடம் மாற்றும் வேலையை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆண்டுக் கணக்கு முடிந்து ஆடிட்டருக்கும் மூச்சுவிட நேரம் இருக்கிற மாதமாகப் பார்த்து, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள்.